குழாய்க்குள்ள இருக்கறது யாரு? கடல் புழு கேள்வி பதில்

போன இதழ்ல பவளப்பாறைக் குழாய்ப்புழு போட்டோ ஒண்ண ஓரமா போட்டிருந்தோம், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு ஆபீஸ்ல யாரும் நினைக்கல. பாதிப் பேர் போட்டோவ அனுப்பி "இதோட பேரு என்ன சார்"னு ஒரே வரியில முடிச்சிருக்காங்க. அவங்களுக்கெல்லாம் சேர்த்து சொல்லிடறேன், குழாயைப் பார்த்து பெரும்பாலும் குடும்பம் வரைக்கும் சொல்லிடலாம், அதுக்கு மேல ஸ்பீஷீஸ் வேணும்னா புழுவோட தலையைப் பார்த்தாகணும். வெறும் குழாய் போட்டோவைப் பார்த்த உடனே ஒருத்தர் ரெண்டு வார்த்தை லத்தீன் பேரை எடுத்து வீசினார்னா அடிச்சு விடறார்னு அர்த்தம். சரி, கேள்விக்கு வருவோம்.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): கடற்கரையில பொறுக்கற சிப்பி, பாட்டில், பழைய செருப்பு எல்லாத்து மேலயும் வெள்ளையா சுண்ணாம்புக் கோடு வளைஞ்சு வளைஞ்சு ஒட்டியிருக்கு. பையன் புழுங்கறான், வீட்டுக்காரர் நத்தைங்கறார். யாரு சொல்றது சரி?

பதில்: பெரும்பாலும் பையன்தான் ஜெயிப்பான், ஆனா உங்க வீட்டுக்காரரும் சும்மா சொல்லலங்க. சுண்ணாம்புக் குழாய் கட்டற புழுக்கள்ல முக்காவாசி செர்புலிடேங்கற ஒரே குடும்பம். கழுத்துக்குக் கீழ இருக்கற சுரப்பியிலேருந்து சுண்ணாம்பு வரும், கழுத்துல காலர் மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், அதை வச்சு குழாயோட வாய் விளிம்புல பூசிப் பூசி நீட்டிக்கிட்டே போகும். நத்தையிலயும் இதே வேலையைப் பண்ற ஒரு கூட்டம் இருக்கு, வெர்மெட்டிட். சின்ன வயசுல ஒழுங்கா சுருண்டு வளர்ந்து, பாறையில ஒட்டினதுக்கப்புறம் இஷ்டத்துக்கு கோணல்மாணலா நீளும். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டது நாம மட்டுமில்ல, லின்னேயஸே 1758ல செர்புலாவைக் கொண்டுபோய் சிப்பி நத்தையோட ஓடுள்ள உயிரினங்கள் கூட்டத்துலதான் வச்சார், அவருக்கு ஓடுதான் கண்ணுல பட்டுது, உள்ள இருக்கற ஆள் படல.

வீட்டுலயே பார்க்க ஒரு வழி இருக்கு. குழாயை ஒரு இடத்துல உடைச்சு உள்பக்கத்தை வெயில்ல திருப்பிப் பாருங்க. பளபளன்னு பீங்கான் கணக்கா மினுக்குனா நத்தை, மங்கலா சுண்ணாம்படிச்ச சுவரா இருந்தா பெரும்பாலும் புழு. குழாயோட ஆரம்ப முனை உடையாம இருந்தா லென்ஸ் வச்சுப் பாருங்க, நத்தைன்னா அங்க குட்டியா ஒரு சுருள் ஓடு இருக்கும். உயிரோட இருந்தா பிரச்சனையே இல்ல, தண்ணியில வச்சு கொஞ்ச நேரம் ஆடாம அசையாம உட்கார்ந்தீங்கன்னா புழு இறகு விரிக்கும், நத்தை கொம்பு ரெண்டை நீட்டும், கோழை வலை விடும்.

செருப்புல ஒட்டினதுல பொடிப்பொடியா, ரெண்டு மூணு மில்லிமீட்டர் அகலத்துல வட்டமா சுருண்டது இருந்தா அது ஸ்பைரோர்பிஸ்ங்கற குட்டிப் புழு வகையறா. கடல்பாசி இலையில கூட ஒட்டும். இதுல சுருள் வலப்பக்கமா இடப்பக்கமான்னு பார்ப்பாங்க, முட்டையைக் குழாய்க்குள்ள அடைகாக்குதா குழாய் வாயை அடைக்கற மூடிக்குள்ள வச்சு அடைகாக்குதான்னு பார்ப்பாங்க, பிரிக்கறதுக்கு இது ரெண்டும் ரொம்ப முக்கியம். இன்னொண்ணும் சொல்லணும், டைனோசருக்கும் முந்தின பழைய பாறைகள்ல கிடைச்ச இதே மாதிரி சுருளையெல்லாம் ரொம்ப காலம் ஸ்பைரோர்பிஸ்னே எழுதி வச்சிருந்தாங்க, அப்புறம் குழாய்ச்சுவரோட நுண்ணமைப்பைப் பார்த்தா அது புழுவே இல்ல, மைக்ரோகான்கிட்னு அழிஞ்சுபோன வேற ஒரு கூட்டம். குழாயை மட்டும் நம்பினா ஜியாலஜிஸ்டும் ஏமாறுவார்.

கேள்வி (மண்டபம், கடல் கூண்டுல மீன் வளர்க்கறவர்): கடல் விறால் கூண்டு போட்டிருக்கோம். மிதவை டிரம், கயிறு, வலை எல்லாம் கொஞ்ச நாள்லயே வெள்ளைக் குழாய் மூடிடுது. இது என்ன இனம், ஏன் இவ்வளவு சீக்கிரம் வருது?

பதில்: அண்ணே, மாதிரியைக் கையில பார்க்காம சத்தியம் பண்ண முடியாது, ஆனா வெப்பக் கடல்ல துறைமுகம், படகு அடி, கூண்டு, குளிர்விப்பு பைப்னு எங்க பார்த்தாலும் முதல் சந்தேகம் ஹைட்ராய்டஸ் எலிகன்ஸ் மேலதான். முட்டை பொரிச்சு அஞ்சு நாள்ல லார்வா ஒட்ட ரெடி, ஒட்டினதுலேருந்து சுமார் மூணு வாரத்துல அதுவே முட்டை போட ரெடி, இந்த வேகத்துல வந்தா டிரம் என்ன பண்ணும். இன்னொரு விஷயம், லார்வா சுத்தமான பிளாஸ்டிக்ல லேசுல ஒட்டாது, முதல்ல பாக்டீரியா ஒரு வழுவழு படலமா படியணும். ஹவாயில மைக்கேல் ஹாட்ஃபீல்டும் அவர் கூட இருந்தவங்களும் இதைப் பல வருஷம் தோண்டித் துருவினாங்க, கடைசியில 2014ல வந்த ஆராய்ச்சியில சூடோஆல்டெரோமோனாஸ்ங்கற பாக்டீரியா உண்டாக்கற ஊசி மாதிரி புரதக் கட்டமைப்புதான் லார்வாவை உருமாறத் தூண்டுதுன்னு காட்டினாங்க. அதனால வழுவழுன்னு கையில பட ஆரம்பிச்ச உடனே துடைச்சு வெயில்ல காயப்போடறது, குழாய் கெட்டியானப்புறம் சுத்தியல் எடுக்கறதை விட ஆயிரம் மடங்கு லேசு. கல்பாக்கம் அணுமின் நிலையத்துல கூட கடல் தண்ணி வர்ற பாதையில பச்சைச் சிப்பி, கொட்டலசு, குழாய்ப்புழுன்னு இதே தலைவலிதான், அவங்க குளோரின் போட்டு சமாளிக்கறாங்க, நீங்க மீன் இருக்கற இடத்துல அதை யோசிக்கக் கூட கூடாது.

பேருக்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. பழைய துறைமுக ஆய்வுகளைப் பிரிச்சீங்கன்னா, நம்ம ஊரு உட்பட, எல்லாத்துலயும் ஹைட்ராய்டஸ் நார்வேஜிகான்னு இருக்கும். அந்தப் பேரை 1768ல வச்சவர் குன்னெரஸ், நார்வேயில பிஷப்பா இருந்தவர், அவர் பார்த்தது குளிர் கடல் புழு. அது எதுக்குங்க மன்னார் வளைகுடா டிரம்ல வந்து உட்காரப்போகுது? ஆஸ்திரேலியாவுல ஹாஸ்வெல் 1883லயே சிட்னி துறைமுகப் புழுவுக்கு எலிகன்ஸ்னு பேரு வச்சிட்டார், ஆனாலும் ரெண்டும் ஒண்ணுன்னு உலகம் பூரா ரொம்ப காலம் கலந்து எழுதினாங்க, ஸிப்ரோவியஸ்ங்கறவர் 1971ல உட்கார்ந்து பிரிச்சுக் காட்டினப்புறம்தான் தெளிவாச்சு. அதுனால பழைய லிஸ்ட்ல நார்வே பேரைப் பார்த்தா அது எலிகன்ஸா இருக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு எடுத்துக்குங்க.

எப்படிப் பிரிக்கறதுன்னா, ஹைட்ராய்டஸுக்கு ஒரு இறகு மட்டும் மாறி மூடியா ஆகியிருக்கும், உள்ள இழுத்துக்கிட்டா அது குழாய் வாயை அடைக்கும். அந்த மூடி ரெண்டு அடுக்கு. கீழ புனல், விளிம்பு பூரா பல் பல்லா இருக்கும், புனலுக்கு நடுவுலேருந்து மேல ஒரு முள் கிரீடம். அந்த கிரீடத்து முள்ளுல கொக்கி இருக்கா, பக்கவாட்டுல குட்டி முள் இருக்கா, எல்லா முள்ளும் ஒரே அளவா, இல்ல ஒண்ணு மட்டும் பெருசா, இதையெல்லாம் வச்சுத்தான் நூத்துக்கும் மேல இருக்கற ஹைட்ராய்டஸ் இனங்களைப் பிரிக்கறாங்க. எலிகன்ஸுக்கு முள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். போன் கேமராவுல மேக்ரோ லென்ஸ் மாட்டினா புனலும் கிரீடமும் தெரியும், குட்டி முள் தெரியாது, அதுக்கு மைக்ராஸ்கோப் வேணும்.

கேள்வி (எம்.எஸ்சி மரைன் பயாலஜி மாணவி, கடலூர் மாவட்டம்): ப்ராஜெக்டுக்கு குழாய்ப்புழு எடுத்திருக்கேன். ஃபார்மலின்ல போட்ட உடனே எல்லாம் சுருங்கி, இறகு உதிர்ந்து, மூடி தனியா மிதக்குது. இனம் கண்டுபிடிக்கற கீ வச்சுப் பார்த்தா எந்தப் பக்கம் போனாலும் முட்டுது. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

பதில்: ஃபார்மலின்லேருந்து ஆரம்பிக்காதம்மா, அதான் முதல் பதில். உயிரோட இருக்கற புழுவை நேரா ஃபார்மலின்ல போட்டா பயந்து சுருங்கும், தலையைக் கழட்டிப் போடும், நீ எந்த உறுப்பை வச்சு பேரு சொல்லணுமோ சரியா அதுதான் போகும். முதல்ல மயக்கணும். மெக்னீசியம் குளோரைடு சுமார் ஏழரை சதவீதம் நல்ல தண்ணியில கரைச்சு, அதைக் கடல் தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து விடு, தொட்டாலும் இறகு உள்ள போகாத வரைக்கும் காத்திரு. அது கிடைக்கலன்னா மென்தால் கட்டியைத் தண்ணி மேல மிதக்க விட்டாலும் நடக்கும், நேரம்தான் ஆகும். அப்புறம் பத்து சதவீத ஃபார்மலின், கடல் தண்ணியில கலந்தது, அதுல கொஞ்சம் போராக்ஸ் போட்டுக்கோ, இல்லன்னா ஃபார்மலின் புளிச்சு சுண்ணாம்புக் குழாயையும் மூடியில இருக்கற சுண்ணாம்பையும் அரிச்சிடும். ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு கழுவிட்டு எழுபது சதவீத ஆல்கஹாலுக்கு மாத்து. டிஎன்ஏ பார்க்கற எண்ணம் துளி இருந்தாலும் ஃபார்மலினுக்கு முன்னாடியே வால் பக்கம் ஒரு துண்டு வெட்டி தொண்ணூத்தஞ்சு சதவீத எத்தனால்ல தனியா போட்டு வை. லேபிள் பென்சில்ல எழுதி ஜாடிக்கு உள்ள போடணும், வெளியில ஒட்டின ஸ்டிக்கர் என்னைக்கு உரியும்னு யாருக்கும் தெரியாது. குழாயைத் தூக்கிப் போடாதே, அதுவும் சாட்சி.

இப்ப கீ. குழாயைப் பொருள் வச்சுப் பிரி. சுண்ணாம்புன்னா செர்புலிடே. சேறும் கோழையும் சேர்ந்து ரப்பர் டியூப் மாதிரி வளைஞ்சு குடுத்தா சாபெல்லிடே. மணலை கெட்டியா சிமெண்ட் போட்டு கூட்டமா கட்டியிருந்தா சாபெல்லாரிடே. ஒரே ஒரு மணல் அடுக்குல, இடைவெளி இல்லாம பொருத்தி, ரெண்டு பக்கமும் திறந்த கூம்பா இருந்தா பெக்டினாரிடே, அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாரு, ஒவ்வொரு மணலும் பக்கத்து மணலோட எவ்வளவு கச்சிதமா உட்கார்ந்திருக்குன்னு, மனுஷன் கட்டினா கூட அவ்வளவு சுத்தமா வராது, அதோட தலையில தங்க நிறத்துல ரெண்டு வரிசை தடித்த முள் இருக்கும், அதை வச்சுத்தான் தலைகீழா நின்னு சேறு தோண்டும். தட்டையான மணலா பொறுக்கி ஒண்ணு மேல ஒண்ணு ஏறின மாதிரி அடுக்கியிருந்தா ஓவெனிடே. காகிதம் மாதிரி, வெள்ளையா, யூ வடிவத்துல ரெண்டு முனையும் மேல நீட்டியிருந்தா கீட்டாப்டெரிடே, இருட்டுல தொட்டா நீலமா ஒளி விடும். லூசா சேறு ஒட்டி, தலைப்பக்கத்துலேருந்து நீளநீளமா இழுபடற மெல்லிசு உணர்கொம்பு நிறைய வந்தா டெரெபெல்லிடே.

இதுல விதிவிலக்கு இருக்கு, அதுலதான் நீ முட்டிக்கிட்டு நிக்கறேன்னு நினைக்கறேன். சுண்ணாம்புன்னா எல்லாமே செர்புலிடே இல்ல, சாபெல்லிடேலயும் சுண்ணாம்புக் குழாய் கட்டற ஒண்ணு ஆஸ்திரேலியாவோட பெரும்பவளத்திட்டுல கிடைச்சிருக்கு, சிர்ராடுலிடேல டோடெகசேரியாவும் கட்டும். செர்புலிடேன்னா கட்டாயம் மூடி இருக்கணும்னும் இல்ல, ப்ரோட்டுலாவுக்கும் சால்மசைனாவுக்கும் மூடியே கிடையாது. உன் ஜாடியில மூடி இல்லாத புழு இருந்தா, அது இயல்பிலேயே இல்லாததா இல்ல உன் ஃபார்மலின்ல கழண்டதான்னு முதல்ல பாரு, கழண்டிருந்தா காம்பு உடைஞ்ச தழும்பு தெரியும்.

அடுத்து முள்மயிர். மார்புப் பகுதியில கண்டம் கண்டமா, அதாவது உடம்போட வளையம் வளையமா எண்ணு, செர்புலிடேல சாதாரணமா ஏழு வரும், சாபெல்லிடேல எட்டு வரும், ஆனா கூடக் குறைய இருக்கறதும் உண்டு. முதல் கண்டத்துல, காலருக்குப் பக்கத்துல இருக்கற முள்மயிர் ஸ்பெஷல், ஹைட்ராய்டஸ்ல அது துப்பாக்கி முனையில மாட்டற கத்தி மாதிரி, அடியில ரெண்டு தடிச்ச பல்லோட இருக்கும். அதை ஒண்ணு ரெண்டு பிடுங்கி கிளிசரின்ல ஸ்லைடு போட்டு நானூறு மடங்குல பாரு. அப்புறம் அன்சினின்னு குட்டிக் கொக்கிகள், அதுல எத்தனை பல்லுன்னு எண்ணணும், கண்ணு வலிக்கும், வேற வழியில்ல.

கடைசியா ஒரு எச்சரிக்கை. உங்க டிபார்ட்மெண்ட் அலமாரியில பியர் ஃபோவெல்லோட 1953 இந்திய பாலிகீட் (முள்மயிர்ப் புழு) புத்தகம் கண்டிப்பா இருக்கும், அது இல்லாம நம்ம நாட்டுல இந்த வேலையே நடந்திருக்காது. குருசடைத் தீவுல மெட்ராஸ் மியூசியம் சேகரிச்சதைப் பத்தி 1930ல மியூசியம் புல்லட்டின்ல எழுதினதும் அவர்தான். ஆனா அவரோட காலத்துல ஒரு புழு ஐரோப்பாவுலேருந்து இந்தியா வரைக்கும் ஒரே இனமா பரவியிருக்கும்னு நம்பினாங்க. அதனாலதான் இத்தாலியோட நேப்பிள்ஸ் பேரைச் சுமந்துக்கிட்டு டயோபட்ரா நேபோலிடானா நம்ம லிஸ்ட்ல இருக்கு, கீட்டாப்டெரஸ் வேரியோபெடேட்டஸ் உலகம் பூரா இருக்கு. இப்ப ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்த்தா உள்ள பல இனம் ஒளிஞ்சிருக்கு. நீ பேரு முடிவு பண்ணினதும் வோர்ம்ஸ்ங்கற கடல் உயிரினப் பேர் டேட்டாபேஸ்ல போய் அந்தப் பேருக்கான முதல் மாதிரி எந்தக் கடல்ல எடுத்ததுன்னு பாரு. மத்தியதரைக் கடல்னோ வட அட்லாண்டிக்னோ இருந்தா உன் தீசிஸ்ல அந்த இனப்பேருக்கு முன்னாடி "சிஎஃப்"னு, அதாவது 'ஒப்பிட்டுப் பார்க்கணும்'னு போட்டு எழுது. கைடு திட்டினா இந்தப் பக்கத்தைக் காட்டு.

கேள்வி (சென்னை, ஸ்கூபா டைவர்): ராமேஸ்வரம் பக்கம் பவளத்துல கிறிஸ்துமஸ் ட்ரீ வார்ம் போட்டோ எடுத்தேன். நெட்ல எல்லாம் ஸ்பைரோபிராங்கஸ் ஜைகான்டியஸ்னு போடறாங்க. சரிதானா? ஒரே கல்லுல நீலம், மஞ்சள், ஆரஞ்சுன்னு இருக்கே, எல்லாம் வேற வேற இனமா?

பதில்: கலரை மறந்துடுங்க, ஒரே இனம் பக்கத்துப் பக்கத்துல பத்துக் கலர்ல இருக்கும். இன்னொண்ணு, ரெண்டு மரம் சேர்ந்ததுதான் ஒரு புழு, போட்டோவுல மரத்தை எண்ணி "இருபது புழு"ன்னு போடறவங்க பாதியாக்கிக்கணும்.

ஜைகான்டியஸ் 1766ல பல்லாஸ் வச்ச பேரு, அது கரீபியன் பக்கத்து இனம். நம்ம இந்தோ-பசிபிக்ல இருக்கறது வேறங்கறதை செர்புலிடே ஆராய்ச்சியாளர் டென் ஹோவ் 1970லேருந்தே சொல்லிக்கிட்டு வந்தார். நம்ம பக்கம் பெரும்பாலும் ஸ்பைரோபிராங்கஸ் கார்னிகுலேட்டஸ், 1862ல குரூபே விவரிச்சது. இதுல ஒரு திருப்பம் இருக்கு. மூடியில மான் கொம்பு மாதிரி கிளைச்ச முள் இருக்கும், அந்தக் கொம்போட வடிவத்தை வச்சு கார்னிகுலேட்டஸ், குரூசிஜர், கெய்மார்டின்னு மூணா பிரிச்சு வச்சிருந்தாங்க. 2015ல டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்தப்போ மூணும் ஒரே இனம்தான், கொம்புதான் ஆளுக்கு ஆள் மாறுதுன்னு வந்துச்சு. மேல மண்டபம் அண்ணனுக்கு மூடியைப் பாருங்கன்னு சொன்னேன்ல, ஹைட்ராய்டஸ்ல அது கைகொடுக்குது, இங்க அதுவே ஆளைக் கவுத்துடுது. எந்த ஜீனஸ்ல எந்த உறுப்பு நம்பகமானதுன்னு ஒவ்வொண்ணா கத்துக்கறதைத் தவிர குறுக்கு வழி இல்லீங்க.

போட்டோ எடுக்கறப்போ எல்லாரும் விரிஞ்ச இறகை மேலேருந்து எடுக்கறீங்க, பார்க்க அழகு, பேரு சொல்ல உதவாது. பக்கவாட்டுல எடுங்க, மூடி இறகுக்கு நடுவுல ஒரு தட்டு மாதிரி தெரியும். நிழல் பட்டா சடார்னு உள்ள போகும்ல, அப்ப சலிச்சுக்கிட்டு நகராம அந்த அடைச்ச வாயையும் ஒண்ணு எடுங்க, மூடியும் அதுமேல இருக்கற கொம்பும் அப்பத்தான் ஒழுங்கா தெரியும். பவளத்தை உடைச்சு குழாயை எடுக்கற வேலை மட்டும் வேண்டாம். மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986லேருந்து கடல் தேசியப் பூங்கா, பவளமே வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது. அதோட அந்தப் புழு பவளம் வளர வளர கூடவே குழாயை நீட்டிக்கிட்டு வாழறது, பவளத்தோட வளர்ச்சி வளையத்தை எண்ணி ஜப்பான்ல வயசு பார்த்தப்போ சிலதுக்கு 40 வருஷத்துக்கு மேல வந்திருக்கு.

கேள்வி (கன்னியாகுமரி மாவட்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): அலை அடிக்கற பாறையில தேனடை மாதிரி மணல் கட்டி, ஓட்டை ஓட்டையா. மிதிச்சா நொறுங்குது. மணல் எப்படி தானா ஒட்டும்?

பதில்: தானா ஒட்டலங்க ஐயா, சாபெல்லாரிடே புழு ஒட்டுது. அலை கிளப்பி விடற மணலைப் பிடிச்சு, வாய்கிட்ட கொண்டுபோய் அளவு பார்த்து, வேண்டாததைத் துப்பிட்டு, வேணுங்கறதுல ரெண்டு மூணு பொட்டு பசை வச்சு விளிம்புல பதிக்கும். அந்தப் பசை தண்ணிக்குள்ளயே இறுகற புரதம், கலிபோர்னியா பக்கத்து ஃபிராக்மடோபோமாங்கற இனத்தோட பசையைப் பார்த்து அதே மாதிரி மருத்துவப் பசை செய்ய யூட்டா பல்கலைக்கழகத்துல முயற்சி நடந்துச்சு. அதனால அலையும் மணலும் இல்லாத இடத்துல இது கட்டாது. பிரான்ஸ்ல மோன் சான் மிஷேல் வளைகுடாவுல சாபெல்லாரியா ஆல்வியோலேட்டா கட்டின திட்டுதான் ஐரோப்பாவுலயே பெருசு. அடையாளம் பார்க்க அதோட தலையைப் பாருங்க, மூடியா வேலை செய்யறது தங்க நிற முள்களோட வரிசை, சாபெல்லாரியான்னா மூணு வரிசை, இடாந்தைர்சஸ்னா ரெண்டு. தயவுசெஞ்சு மிதிக்காதீங்க, நண்டுக்குஞ்சு எல்லாம் அந்த இடுக்குலதான் குடியிருக்கு.

அதே பாறையில கொஞ்சம் மேல தள்ளி நீலம் கலந்த வெள்ளையில கூட்டமா சுண்ணாம்புக் குழாய் இருந்தா அதை பொமாடோலியோஸ் கிராஸ்ஸின்னு பழைய புத்தகம் சொல்லும். 2019ல பார்த்ததுல உண்மையான கிராஸ்ஸி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியவே வரல, மத்த ஊர்ல அந்தப் பேரோட இருக்கறது வேற இனங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட பரவைக்கடல்ல தண்ணி வத்தேக்க சேத்துக்கு மேல சிப்பித்துண்டு, புல்லு எல்லாம் ஒட்டின குழாய்கள் நீட்டிக்கொண்டு நிக்குது. இழுத்தா வெறும் குழாய்தான் வருகுது, புழுவைக் காணேல்லை.

பதில்: டயோபட்ரா, ஓனுஃபிடே குடும்பம். நீங்க தொடறதுக்குள்ள ஆள் கீழ போயிடும், குழாய் சேத்துக்குள்ள நல்லா ஆழமா இருக்கும், மேல தெரியறது வாசல் மட்டும். மெதுவா பக்கத்துல மண்வெட்டி இறக்கி மொத்தமா தூக்கினாத்தான் கிடைக்கும். இது இறகு விரிச்சு வடிகட்டற சாது இல்ல, தாடை இருக்கு, குழாயை விட்டு தலையை நீட்டி பிடிச்சுத் தின்னும், தலைக்குப் பின்னால சுருள் சுருளா சிவப்பு செவுள் இருக்கும், அதைப் பார்த்தா வேற எதோடயும் குழப்பிக்க முடியாது. இனம் பேருக்கு மேல மாணவிக்குச் சொன்ன நேப்பிள்ஸ் சந்தேகம் இங்கயும் உண்டு.

குழாய் கம்பளித் துணி மாதிரி மெத்துனு, கொழகொழன்னு இருந்தா மட்டும் நிறுத்துங்க, அது புழுவே இல்ல, செரியாந்திட்னு குழாய்க் கடற்சாமந்தி, குழாயே அதோட கொட்டு செல் நூல்களால பின்னினது.

கேள்வி (சிங்கப்பூர், அக்வேரியம் வச்சிருக்கறவர்): ஃபெதர் டஸ்டர்ங்கற இறகுப் புழு வாங்கினேன், ஒரு வாரத்துல இறகு மொத்தமா கழண்டு விழுந்துடுச்சு. செத்துடுச்சா?

பதில்: குழாயைத் தூக்கி எறியாதீங்க. சபெல்லாஸ்டார்ட்டே மாதிரி பெரிய சாபெல்லிடுகள் தண்ணி மாற்றம், இடமாற்றம், மீன் கொறிக்கறதுன்னு ஏதாவது தொந்தரவுக்கு இறகைக் கழட்டிப் போடும், சாப்பாடு இருந்தா சின்னதா திரும்ப முளைக்கும். குழாயிலேருந்து நாத்தம் வந்தா மட்டும் எடுத்துடுங்க.

கேள்வி (மதுரை, பள்ளி ஆசிரியை): ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுல ரெண்டு மீட்டர் சிவப்புக் குழாய்ப்புழுவுக்கு வாயே இல்லன்னு படிச்சேன். ஒரு புத்தகத்துல தனித் தொகுதி (ஃபைலம்)னு இருக்கு, இன்னொண்ணுல வளையப்புழுன்னு இருக்கு. பிள்ளைங்களுக்கு எதைச் சொல்றது?

பதில்: வளையப்புழுன்னே சொல்லுங்க டீச்சர். தனித் தொகுதின்னு போட்ட புத்தகம் பழசு, ஆனா அந்தக் கதையை விட்டுடாதீங்க, பசங்களுக்குப் பிடிக்கும்.

1899-1900ல சிபோகாங்கற டச்சுக் கப்பல் இந்தோனேசியக் கடல்ல வலை போட்டு ஆழத்துலேருந்து நூல் மாதிரி குழாய்ப்புழு எடுத்துச்சு, அதை 1914ல காலரின்னு பிரெஞ்சுக்காரர் விவரிச்சார், எந்தக் கூட்டத்துல சேர்க்கறதுன்னே அவருக்குத் தெரியல. வாய் இல்ல, குடல் இல்ல, உடம்புல கண்டமும் தெரியல. அப்புறம் போகோனோஃபோரான்னு தனித் தொகுதியாக்கி, முதுகெலும்பிகளுக்குச் சொந்தக்காரங்க இருக்கற கிளையில கொண்டுபோய் வச்சாங்க. பிரச்சனை என்னன்னா அத்தனை பேர் கையிலயும் இருந்தது முன்பக்கம் மட்டும், வலையில இழுக்கறப்போ பின்பக்கம் அறுந்து சேத்துலயே நின்னுடும். 1964ல வெப்ங்கறவர் முழுப்புழுவைப் பார்த்தார், வால்ல அழகா கண்டம் கண்டமா, ஒவ்வொண்ணுலயும் முள்மயிரோட. ஐம்பது வருஷ விவாதம் சேத்துக்குள்ள விட்டுட்டு வந்த ஒரு சின்ன வாலுக்காக!

1977ல காலாபகோஸ் பக்கம் ஆல்வின் நீர்மூழ்கி ரெண்டரை கிலோமீட்டர் ஆழத்துல நீங்க சொல்ற ரெண்டு மீட்டர் புழுவை, ரிஃப்டியாங்கறதைப் பார்த்துச்சு. ஸ்மித்சோனியன்ல மெரிடித் ஜோன்ஸ் அதைப் பத்தி ஹார்வர்டுல பேசறப்போ உடம்புக்குள்ள கந்தகத் துகள் இருக்குன்னு சொல்ல, மாணவியா உட்கார்ந்திருந்த காலீன் கவனா எழுந்து, அப்ப உள்ள கந்தக பாக்டீரியா இருக்கணும், அதுதான் சோறு போடுதுன்னு சொன்னாங்க, 1981ல நிரூபிச்சும் காட்டினாங்க. ஜோன்ஸ் 1985ல இதையும் தனித் தொகுதியாக்கினார். 1997க்கு அப்புறம் மரபணுவும் உடலமைப்பும் சேர்ந்து ரெண்டு தொகுதியையும் இறக்கி, சிபோக்ளினிடேன்னு ஒரே ஒரு குடும்பமா வளையப்புழுவுக்குள்ள போட்டுது. 2002ல மான்டெரி பள்ளத்தாக்குல செத்த திமிங்கல எலும்புல வேர் விட்டுக்கிட்டு கிடைச்ச ஆஸெடாக்ஸும் இதே குடும்பம்தான், அதுல ஆண் புழு கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல பெண்ணோட குழாய்க்குள்ளயே கூட்டமா குடியிருக்கும்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவர், திருச்சி): கடல் குழாய்ப்புழு, எங்க தோட்டத்து மண்புழுவுக்கு சொந்தமா?

பதில்: நல்ல கேள்வி தம்பி, பதில் உங்க பாடப்புத்தகத்துக்கே கொஞ்சம் சங்கடம். புத்தகத்துல பாலிகீட்டா ஒரு வகுப்பு, மண்புழு இன்னொரு வகுப்பு, அட்டை இன்னொண்ணுன்னு இருக்கும். 1866ல காத்ரஃபாஜ் பாலிகீட்டுகளை அலையறவை, உட்கார்ந்திருக்கறவைன்னு ரெண்டா பிரிச்சார், பின்னால வந்தவங்க அது சும்மா வசதிக்குப் பிரிச்சதுன்னு ஒதுக்கிட்டாங்க. 2011ல நிறைய மரபணுவை ஒண்ணா வச்சுப் பார்த்தா அந்தப் பழைய பிரிவு பெருமளவுக்கு சரின்னு வந்துச்சு, அதுல உட்கார்ந்திருக்கற கூட்டத்துக்குள்ளதான் செர்புலிடே, சாபெல்லிடே கூடவே மண்புழுவும் அட்டையும் வந்து விழுந்துச்சு. யாழ்ப்பாணத்துக்காரர் கேட்ட டயோபட்ரா குழாய்லயே குடியிருந்தாலும் அலையற கூட்டத்தைச் சேர்ந்தது. கீட்டாப்டெரிடேவும் ஓவெனிடேவும் ரெண்டுலயும் சேராம பரிணாம மரத்தோட அடியில தனியா பிரிஞ்சு போச்சு. ஆக, செர்புலிடே குழாய்ப்புழுவுக்கு உங்க தோட்டத்து மண்புழு டயோபட்ராவை விட நெருங்கின சொந்தம். பரீட்சையில மட்டும் புத்தகத்துல இருக்கறதையே எழுதுங்க, மார்க் போடறவர் 1866ஐயும் படிச்சிருக்க மாட்டார், 2011ஐயும் படிச்சிருக்க மாட்டார்.